புகையானும் நெல் ரகங்களும்: எதிர்ப்புத்திறன் கடந்து வந்த பாதை

நெற்பயிரின் அடித்தண்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பழுப்பு நிறத் தத்துப்பூச்சியே புகையான். உருவத்தில் அரிசிமணியைவிடச் சிறியது. வரப்பில் நின்று பார்த்தால் பச்சை மாறாத பயிர்தான் கண்ணில் படும். வயலுக்குள் இறங்கி, குத்தை இரு கையாலும் விலக்கித் தூரைத் தட்டினால், நீரின்மேல் பூச்சிகள் பொலபொலவென உதிர்ந்து துள்ளும். அப்போதும் கவனிக்காமல் விட்டால் சில நாட்களில் வயலின் நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் தீயில் பொசுங்கியதுபோல் காய்ந்து சாயும். கதிர் பால் பிடிக்கும் தறுவாயில் இது நேர்ந்தால் மிஞ்சுவது பதரும் வைக்கோலும்தான்.

இந்தப் பூச்சி புதிதாக வந்தது அன்று. ஜப்பானில் 1732-இல் நேர்ந்த கியோஹோ பஞ்சத்துக்குத் தத்துப்பூச்சிகளே முக்கியக் காரணம். திமிங்கில எண்ணெயை வயல் நீரில் ஊற்றி, பயிரை அசைத்துப் பூச்சிகளை அதில் விழச்செய்து கொல்வது அக்காலத்து ஜப்பானிய உழவர்களின் முறை. வெப்பமண்டல நாடுகளிலோ 1960-கள் வரை புகையான் சில்லறைப் பூச்சியாகவே இருந்தது. அது பெரும்பூச்சியாக மாறிய கதையும், அதைத் தாங்கும் நெல்லைத் தேடிய கதையும் பிரிக்க முடியாதவை. அந்தத் தேடலில் தென்னிந்தியாவின் சிறிய நெல் ஆராய்ச்சி நிலையங்களுக்கு உள்ள பங்கு, அதற்குரிய அளவில் பேசப்படுவதில்லை.

கோயம்புத்தூரில் நெல் இனப்பெருக்க நிலையம் 1912-இல் தொடங்கியது. அதை முதலில் நடத்திய பார்னெல், உழவர்களின் வயல்களில் கலந்து கிடந்த நாட்டு நெற்களிலிருந்து நல்ல செடிகளைத் தனித்தனியே பொறுக்கி வளர்க்கும் தனிவழித் தேர்வைக் கையாண்டார். 1921-இல் வெளியான ஜி.இ.பி. 24 அந்த உழைப்பின் பெரும் பயன். அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற பதவியின் ஆங்கில முதலெழுத்துகளே அதன் பெயராயின. சன்ன அரிசிக்காகப் போற்றப்பட்ட இந்த ரகம் பின்னர் எத்தனையோ ஒட்டுகளுக்குப் பெற்றோரானது.

அக்காலத்தில் அச்சுறுத்தியது பூச்சியைவிட நோய். 1919-இல் தஞ்சை டெல்டாவில் குலைநோய் கொள்ளைநோயாகப் பரவியது. இலையில் கண் வடிவப் புள்ளியாகத் தொடங்கி, கதிரின் கழுத்தைக் கருக்கி ஒடிக்கும் பூசணநோய் இது. அன்று பயிரிட்ட ரகங்களில் கோ 4 இந்நோயைத் தாங்கி நிற்பது தெரியவந்தது. கோ 4-ஐ ஏ.டி.டி. 10-உடன் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய கோ 25, நோய் எதிர்ப்பையே குறியாக வைத்த தொடக்ககால ஒட்டு ரகங்களில் ஒன்று. மருந்து தெளித்துக் காப்பாற்றும் வழி கைக்கு எட்டாத நாளில் விதையிலேயே காவலை வைப்பது என்ற எண்ணம் இங்கே வேரூன்றிவிட்டது.

1966 நவம்பரில் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8-ஐ வெளியிட்டது. குட்டையான, சாயாத, உரமிட்டால் உரமிட்ட அளவுக்கு விளையும் நெல். விளைச்சலில் அது செய்த புரட்சி மறுக்க முடியாதது. ஆனால் துங்ரோ நோய், பாக்டீரியா இலைக்கருகல், புகையான் மூன்றுக்கும் அது இலக்கானது. நெருக்கமாகத் தூர் கட்டிய, தழைச்சத்து மிகுந்த, எப்போதும் நீர் நிற்கும் வயலின் அடிப்பகுதி நிழலும் ஈரமுமாக இருக்கும். புகையான் பெருக இதைவிடத் தோதான இடம் இல்லை. ஆண்டுக்கு இரண்டு, மூன்று போகம் என்று நெல்லுக்குப் பின் நெல்லே வந்ததால் பூச்சிக்கு இடைவேளையும் கிடைக்கவில்லை. 1973-இல் கேரளத்தின் குட்டநாட்டில் புகையான் பெருஞ்சேதம் விளைவித்தது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் அதே பத்தாண்டில் பாதிப்பு தொடர்ந்தது.

எதிர்ப்புத்திறனுக்கான தேடல் அதற்குள் தொடங்கியிருந்தது. விதைத் தொகுப்பிலிருந்த ரகங்களை நாற்றுப் பருவத்திலேயே பூச்சிக்கு உண்ணக்கொடுத்து, எது பிழைக்கிறது என்று பார்த்தார்கள். முட்கோ என்ற இந்திய ரகத்தில் பிபிஎச் 1 என்ற மரபணுவும், அம்பாசமுத்திரம் நிலையத்தின் ஏ.எஸ்.டி. 7-இல் பிபிஎச் 2 என்ற மரபணுவும் இருப்பது 1971-இல் வெளியிடப்பட்டது. தாமிரபரணிக் கரையின் நெல் ஒன்று இவ்வாறு உலக நெல் ஆய்வின் அடிப்படை அட்டவணையில் இடம்பிடித்தது.

இவற்றைவிட வியப்பானது திரூர்க்குப்பம் நிலையத்தின் டி.கே.எம். 6. ஜி.இ.பி. 24-ஐயும் கோ 18-ஐயும் ஒட்டுச் சேர்த்துப் பெற்ற இந்த ரகம் குருத்துப்பூச்சியைத் தாங்கும் தன்மைக்காக 1969-இல் ஐ.ஆர். 20-இன் உருவாக்கத்தில் பயன்பட்டது. புகையானை அது தாங்காது. ஆனால் புகையானைத் தாங்காத ஐ.ஆர். 24-உடன் அதை ஒட்டுச் சேர்த்தபோது பிறந்த ஐ.ஆர். 26 தாங்கியது! டி.கே.எம். 6-இல் பிபிஎச் 1 இருந்தும், அதை அடக்கிவைக்கும் இன்னொரு மரபணுவும் சேர்ந்தே இருந்ததால் எதிர்ப்பு வெளிப்படாமல் கிடந்தது என்று பின்னர் விளக்கம் கிடைத்தது. வயலில் பூச்சிக்குத் தோற்ற ரகம் என்பதாலேயே ஒரு நெல்லை ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

ஐ.ஆர். 26 1973-இல் வெளியாகி விரைவாகப் பரவியது. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் அது பூச்சிக்குப் பணிந்தது. காரணம் எளிது. லட்சக்கணக்கான ஏக்கரில் ஒரே மரபணு நிற்கும்போது, அதைத் தாண்டி உண்ணக்கூடிய ஒருசில பூச்சிகளே பிழைத்துப் பெருகும். அவற்றின் வழித்தோன்றல்கள் இரண்டாம் உயிர்வகை (பயோடைப்) எனப்பட்டன. மாற்றாக 1976-இல் வந்த ஐ.ஆர். 36-இல் பிபிஎச் 2 இருந்தது. பட்டாம்பியில் 1927-இல் அமைந்த நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள் வழியாக அது அதில் சேர்ந்தது. புகையான் பரப்பும் புல்தழைக்குட்டை நோய்க்கு எதிர்ப்பு, உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டுநெல்லிலிருந்து கிடைத்தது. 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்ததில் அந்த ஒன்றுதான் தாங்கியது. நெல் இனப்பெருக்க வல்லுநர் குர்தேவ் குஷ் தலைமையில் உருவான ஐ.ஆர். 36, 1980-களில் ஏறத்தாழ 1.1 கோடி ஹெக்டேரில் விளைந்தது.

ரகம் மாற்றுவது மட்டும் போதாது என்பதை இந்தோனேசியா கற்றது. அரிசியில் தன்னிறைவை 1984-இல் அடைந்த அந்நாட்டில், பூச்சிக்கொல்லிகளுக்கு அரசு பெரும் மானியம் கொடுத்துவந்தது. 1985, 1986-இல் புகையான் மீண்டும் மேலெழுந்தது. இதன் பின்னணி ஆய்வுகளில் தெளிவானது. புகையான் தன் முட்டையை இலையுறைக்குள் செருகிவைப்பதால் தெளிக்கும் மருந்து முட்டையைத் தொடுவதில்லை. ஆனால் ஓநாய்ச் சிலந்தியும் முட்டையைக் குத்திச் சாறு குடிக்கும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் மருந்தில் மடிந்துவிடுகின்றன. பொரித்து வரும் குஞ்சுகளுக்கு எதிரி இல்லாத வயல் தயாராகக் கிடைக்கிறது. 1986 நவம்பரில் குடியரசுத் தலைவர் ஆணை நெற்பயிரில் 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. மானியம் படிப்படியாகக் குறைந்து 1989-இல் நின்றது. அதே ஆண்டு தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகளில், வாரம் ஒருமுறை வயலில் இறங்கிப் பூச்சியையும் அதன் எதிரியையும் எண்ணி, வரைந்து, பேசி முடிவெடுக்கும் பழக்கம் உருவானது. மருந்தைக் குறைத்த பிறகும் அரிசி உற்பத்தி விழவில்லை.

இதற்கிடையே எதிர்ப்பு என்பதன் பொருளே மாறத் தொடங்கியது. 1985-இல் வெளியான ஐ.ஆர். 64-இல் இருந்த பெரிய மரபணு, தோற்றுப்போன அதே பிபிஎச் 1தான். ஆனால் கூடவே சிறுசிறு விளைவுள்ள பல மரபணுக்கள் சேர்ந்திருந்ததால் பூச்சிப் பெருக்கம் மட்டுப்பட்டது. ஐ.ஆர். 26-ஐப்போல் அது சட்டென வீழவில்லை. இன்னொரு பாடம் தெற்காசியாவிலிருந்தே வந்தது. இங்குள்ள புகையான்கள் தனி உயிர்வகை. அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி. 7 பிறந்த மண்ணின் பூச்சியையே அதனால் தடுக்க முடியவில்லை. பட்டாம்பியின் பி.டி.பி. 33-உம் இலங்கையின் ரத்து ஹீனட்டியும் இந்த உயிர்வகையையும் தாங்கின. ரத்து ஹீனட்டியின் பிபிஎச் 3 மூன்று மரபணுக்கள் ஒட்டி நிற்கும் தொகுப்பு என்பது 2015-இல் தெரியவந்தது. முதலில் பிரித்தெடுத்த புகையான் எதிர்ப்பு மரபணுவோ 2009-இல் வெளியான பிபிஎச் 14. மரபணுக் குறியீடுகளைக் கொண்டு ஒரே ரகத்தில் இரண்டு, மூன்று எதிர்ப்பு மரபணுக்களை அடுக்குவது இப்போது நடைமுறை வேலையாகிவிட்டது.

ரகம் தேர்வு செய்யும் உழவருக்கு இந்த வரலாற்றின் பயன் நேரடியானது. சென்ற போகத்தில் புகையான் வந்த வட்டாரத்தில் எல்லாரும் ஒரே ரகத்தை நடுவது, அந்த ரகத்தின் ஆயுளை அவர்களே குறைப்பதாகும். தழைச்சத்தை ஒரே மூச்சில் போடாமல் பிரித்து இடுவதும், எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நட்டுக் காற்றும் வெயிலும் தூருக்கு எட்டச் செய்வதும், பூச்சி தென்பட்டதும் நீரை வடித்துப் பிறகு பாய்ச்சுவதும் எந்த ரகத்துக்கும் பொருந்தும். செயற்கை பைரித்ராய்டு மருந்துகள் புகையானை மேலும் பெருக்கிவிடுவதால் அவற்றைத் தொடாமலிருப்பதே நல்லது. தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படும் பொருளாதார சேத நிலையும் இந்த அனுபவத்தின் மேல்தான் நிற்கிறது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான், குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 புகையான். தெளிப்பானை எடுக்கும் முன் பூச்சியோடு சிலந்தியையும் சேர்த்தே எண்ண வேண்டும்.