கடல் கடந்த திருப்பணிகள்

குடமுழுக்கு நன்னாளில் யாகசாலையிலே வரிசையுற வைக்கப்பெறும் கும்பங்களை அன்பர்கள் யாவரும் கண்டு வணங்கியிருப்பர். நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் கூர்ச்சமும் அமைத்து, மந்திரத்தால் இறைவனை எழுந்தருளச் செய்யும் அக்கும்பங்களின் நீரிலே ஏலம், இலவங்கம், சாதிக்காய், பச்சைக் கற்பூரம் முதலிய மணப்பொருள்களை இடுதல் மரபு. இவற்றுள் ஏலம் நம் மலைகளிலே விளைவது. ஏனையவோ கடலுக்கு அப்பாலிருந்து வந்தவை. இலவங்கம் மலுக்குத் தீவுகளிலும், சாதிக்காய் அவற்றை அடுத்த பாண்டாத் தீவுகளிலும் அன்றி, 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் உலகில் வேறெங்கும் விளைந்ததில்லை. உயர்ந்த கற்பூரமோ சுமாத்திரா, போர்னியோ என்னும் பெருந்தீவுகளின் காடுகளில் நிற்கும் மரங்களினுள்ளிருந்து எடுக்கப்பெற்றது. ஆகவே, நம் முன்னோர் இறைவனுக்கு ஆட்டிய ஒரு குடம் நீரிலே கீழைக் கடல் முழுவதும் அடங்கியிருந்தது எனலாம்.

இப்பொருள்களைக் கொணர்ந்தவர் யாவர் என்று வினவின், கலமேறிச் சென்ற வணிகர் என்பது விடை. அவர்கள் கொண்டுவந்தவற்றை நாம் அறிவோம். சென்ற இடங்களில் அவர்கள் விட்டுவந்தது யாது? அதனை ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும். திருப்பணிக்குப் பொருள் ஈந்து, அதன் நிறைவைக் கண்டு மகிழும் பெருமக்களுக்கு இவ்வாராய்ச்சி பயன்படும் என்பது எமது துணிபு.

முதற்கண், அக்காலத்துக் கடற்பயணத்தின் தன்மையை ஒருவாறு உணர்தல் வேண்டும். நாகப்பட்டினத்திற்கும் கடாரம் எனப்பெற்ற மலேயாக் கரைக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கடல் மைல் தொலைவு உண்டு. பாய்மரக் கலங்களுக்குக் காற்றே துணை. பொதுவாகத் தென்மேற்குப் பருவக் காற்றைக் கொண்டு கிழக்கு நோக்கிச் செல்வர். வடகீழ்க் காற்று வீசும் காலத்தே மேற்கு நோக்கித் திரும்புவர். 7 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இட்சிங் என்னும் சீனத் துறவியார் தம் நூலில், வேறொரு துறவியார் குளிர்காலத்தின் இறுதியில் கடாரத்தினின்று புறப்பட்டு, 30 நாள் மேற்கு நோக்கிச் சென்று நாகப்பட்டினத்தை அடைந்தார் என்றும், அங்கிருந்து 2 நாளில் ஈழம் சேர்ந்தார் என்றும் குறித்துள்ளார். ஒரு திங்கள் கரை காணாத பயணம்! சென்ற பின்னரும் எண்ணிய நாளில் மீள இயலாது. காற்று மாறும் வரையில் பல திங்கள் அயல்நாட்டுத் துறையிலேயே தங்குதல் வேண்டும். தங்கிய இடத்திலே குடிக்க நீரும், கும்பிடத் தெய்வமும் வேண்டும் அல்லவா? கடல் கடந்த நம் திருப்பணிகளுக்குத் தோற்றுவாய் இதுவே.

கிழக்கே செல்லும் கலம் வழியிற் காணும் நிலம் நிக்கோபார்த் தீவுகளாகும். இராசேந்திர சோழரின் மெய்க்கீர்த்தி அதனை மாநக்கவாரம் என்று குறிக்கின்றது. மேற்கூறிய இட்சிங் அத்தீவின் வழியே சென்றவர். கலத்தைக் கண்டதும் தீவினர் சிறு படகுகளில் விரைந்து வந்து தேங்காயும் வாழைப்பழமும் பிரம்புப் பொருளும் நீட்டுவர் என்றும், அவர்கள் விரும்பிக் கேட்பது இரும்பு ஒன்றே என்றும், இருவிரல் அளவு இரும்புக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் வரையில் தருவர் என்றும் அவர் எழுதியுள்ளார். பொன்னைத் தேடிச் செல்வோரிடம் இரும்பைக் கேட்ட அம்மக்களின் எளிமை நினைக்குந்தோறும் இன்பம் தருவது.

இனி, கடலோடிகளுக்கு நேரும் இடர்களை மணிமேகலைக் காப்பியத்தில் வரும் சாதுவன் வரலாறு தெளிவிக்கின்றது. கலம் கவிழ்ந்து, முறிந்த மரம் ஒன்றைப் பற்றிக் கரையேறிய அவ்வணிகன், நாகர் வாழும் மலையை அடைந்தான். அவர்தம் மொழியை அறிந்திருந்தமையால் உயிர் பிழைத்தான். அவ்வளவில் அமையாது, உடைகலத்தினின்று உயிர் தப்பி வருவாரைக் கொல்லாதிருக்கும் நல்லறத்தையும் அவர்களுக்கு உரைத்து மீண்டான் என்பது அந்நூல் கூறும் செய்தி. பின்வரும் கலத்தவருக்கு ஓர் அறத்தை விட்டுவருதலே கடலோடியின் கடன் என்னும் கருத்து இதன்கண் அமைந்துள்ளமை உணரத்தக்கது.

நிக்கோபாரைக் கடந்து கிழக்கே சென்றால் தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்னும் ஊரை அடையலாம். சோழர் கல்வெட்டுகளிற் காணும் தலைத்தக்கோலம் இதுவே என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அவ்வூரை அடுத்த ஒரு குன்றின்பால் 9 ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. சிதைந்த கல், சில வரிகளே எஞ்சியுள்ளன. நாங்கூர் உடையான் ஒருவன் அங்கே ஒரு குளம் தோண்டுவித்தான் என்றும், அதற்கு 'அவனி நாரணம்' என்னும் பெயர் இடப்பெற்றது என்றும் அறிஞர் அதனைப் படித்துள்ளனர். அவனிநாரணன் என்பது தெள்ளாறெறிந்த நந்திவர்ம பல்லவனின் விருதுப் பெயராகும். சீகாழியை அடுத்த நாங்கூரிற் பிறந்த ஒருவன் கடல் கடந்து சென்று, தன் பெயரை இடாது தன் அரசனின் பெயரை இட்டு, அயலார் மண்ணில் ஒரு குளம் வெட்டினான்! அக்குளத்தை அவன் மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் ஆகியோரின் அடைக்கலமாக வைத்தான். 'அடைக்கலம்' என்னும் இச்சொல்லை அன்பர்கள் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். அறத்தைச் செய்தவன் காற்று மாறியதும் கலமேறிவிடுவான். அவன் சென்ற பின்னர் அதனைக் காப்பவர் யாவர் என்பதை எண்ணியே அச்சொல் பொறிக்கப்பெற்றது.

சுமாத்திராத் தீவின் மேலைக் கரையிலுள்ள பாரூஸ் என்னும் துறை கற்பூரத்திற்குப் பெயர் பெற்றது. இன்றும் மலாய் மொழியினர் உயர்ந்த கற்பூரத்தைக் 'காப்பூர் பாரூஸ்' என்றே வழங்குவர். அவ்விடத்தை அடுத்த லோபு துவா என்னும் ஊரில் 1873 இல் கண்டெடுக்கப்பெற்ற தமிழ்க் கல்வெட்டு, சக ஆண்டு 1010 இல், அஃதாவது கி.பி. 1088 இல், பொறிக்கப்பெற்றது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகப் பெருங்குழுவினர் அங்கே கூடி, துறைக்கு வரும் மரக்கல நாயகரும் கலத்தினரும் கஸ்தூரியின் விலைக்கு ஒப்பப் பொன் செலுத்திப் பின்னரே உட்புகுதல் வேண்டும் என வகுத்த ஒழுங்கினை அது கூறுகின்றது. தனித்தனி வணிகராய்ச் சென்றோர் அங்கே ஒரு சபையாய் இயங்கினர் என்பதும், பொதுக் காரியத்திற்கு ஒவ்வொருவரும் பங்கு செலுத்துதல் அவர்தம் நெறி என்பதும் இதனாற் புலனாகும்.

கீழைக் கடலின் கடைசித் துறை சீனத்துச் சுவான்சௌ நகரம். அராபியரும் மார்க்கோ போலோவும் இதனைச் சயித்தூன் என்பர். குப்லாய் கான் ஆட்சி புரிந்த காலத்தில், சக ஆண்டு 1203 சித்திரைத் திங்களில், அஃதாவது கி.பி. 1281 இல், சம்பந்தப் பெருமாள் என்பார் கானின் ஆணை பெற்று, அவருடைய திருமேனி நலம்பெறும் பொருட்டு, அந்நகரிலே சிவபெருமானை எழுந்தருளச் செய்தார். இச்செய்தியைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு 1956 இல் கண்டெடுக்கப்பெற்றது. அதன் இறுதியிற் சீன எழுத்தும் காணப்பெறுகின்றது. சிவலிங்கத்தை யானை வழிபடுதல், பசு பால் சொரிதல் முதலிய சிற்பங்களும் அந்நகரிற் கிடைத்துள்ளன. ஆயின், அத்திருக்கோயில் இன்று இல்லை. அதன் கற்கள் நகரின் பல இடங்களிற் சிதறிக் கிடந்தன. சில தூண்கள் காயுவான் என்னும் பௌத்த ஆலயத்தின் பின்புறத்தைத் தாங்கி நிற்கின்றன. கட்டியவர் சிறந்த அன்பர் என்பதில் ஐயமில்லை. அரசனின் ஆணையும் இருந்தது. ஆனால், வழிபடும் குடிகள் அங்கே நிலைத்திலர். விளக்கேற்றுவாரின்றிக் கோயில் மறைந்தது.

கடல் வழியே அறம் ஒரு திசையில் மட்டும் சென்றதன்று; மறுதிசையிலிருந்து நம்பாலும் வந்தது. கடாரத்து அரசர் மாறவிசயோத்துங்கவர்மர் தம் தந்தையார் பெயரால் நாகப்பட்டினத்திற் சூடாமணி விகாரம் எடுத்தனர். சிவபாதசேகரன் எனப் போற்றப்பெற்ற முதல் இராசராசர், 1006 இல், அப்பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தார். அதனைச் செப்பேட்டிற் பொறிப்பித்தவர் அவர் மைந்தர் இராசேந்திரர். நாகைக் காரோணத்துச் சிவபெருமானுக்கும் அக்கடல் கடந்த நாட்டரசரின் முகவர்கள் சீனக் கனகம் முதலியன அளித்த செய்தியை அத்திருக்கோயிற் கல்வெட்டுகள் கூறுகின்றன.

பின்னர் 1025 ஆம் ஆண்டளவில், அதே இராசேந்திரர் பெருங்கடற்படை செலுத்தி, ஸ்ரீவிசயம், கடாரம் முதலாகப் பதின்மூன்று இடங்களை வென்றார். இவ்வெற்றியை நாம் பெருமையுடன் பேசுகின்றோம், பேசுதலும் தகும். எனினும், ஒன்றை மறத்தலாகாது. நட்புக் கெட்டுப் போர் மூண்ட பின்னரும், நாகைப் பள்ளிக்கு அளித்த நிலம் அழிக்கப்பெறவில்லை. போர் நிகழ்ந்து 65 ஆண்டுகள் கழிந்த பின், 1090 இல், கடாரத்துத் தூதர் வேண்ட, முதற் குலோத்துங்கர் அப்பள்ளியின் ஊர்களுக்கு வரி நீக்கி மீண்டும் செப்பேடு வழங்கினார். வாள் வந்தது, போயிற்று; தாத்தாவின் காலத்துத் தருமத்தைப் பேரன் காலத்து அரசு காத்தது. சோழரின் கடற்பெருமையுள் எது பெரிது என எம்மை வினவின், 1025 ஆம் ஆண்டினும் 1090 ஆம் ஆண்டே பெரிது என்போம்.

திரும்பும் வழியில் ஈழத்தின் தென்கோடியைக் காண்போம். தேவேந்திரமுனை எனப்பெறும் அவ்விடத்திலே தெனாவரை நாயனார் என்னும் திருப்பெயருடன் திருமால் கோயில் கொண்டிருந்தார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409 ஆம் ஆண்டிட்ட கல்வெட்டு ஒன்றைக் கொணர்ந்து அந்நாட்டில் நிறுத்தினார். சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளில் அது அமைந்தது. சீனப் பகுதி புத்தர் பெருமானுக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாமிய நெறிக்கும் உரியன. பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, எண்ணெய், தூபப் பொருள் எனக் காணிக்கைகள் வேறுபாடின்றி அளிக்கப்பெற்றன. சீனத்துக் கடலோடி தமிழில் எழுதித் திருமாலுக்குக் காணிக்கை செலுத்தினார் எனின், அந்நாளில் அக்கடல் துறைகளில் நம் மொழி பெற்றிருந்த இடம் இனிது விளங்கும். அத்திருக்கோயிலைப் போர்ச்சுகீசியர் 1588 இல் அழித்தனர். காணிக்கை குறித்த கல்லோ 1911 இல் காலி நகரில், ஒரு நீர்க்கால்வாயின் மூடுகல்லாகக் கிடந்து வெளிப்பட்டது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. பேரரசரின் பொன்னும் வெள்ளியும் என்னாயின? கல் மட்டுமே சான்று பகர்கின்றது.

கடற்பயணம் பிற்காலத்தும் ஓய்ந்ததன்று. நகரத்தார் பெருமக்கள் சென்றவிடமெல்லாம் முருகப் பெருமானை உடன் கொண்டனர். சிங்கப்பூரில் 1859 இல் அவர்கள் எடுத்த தெண்டாயுதபாணி திருக்கோயில் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பெற்று, நித்திய பூசையுடன் விளங்குகின்றது. 1926 முதல் 1973 வரை நம் கரைக்கும் பினாங்கு, சிங்கப்பூர் துறைகளுக்கும் இடையே ஓடிய 'ரஜுலா' கப்பலில் திருநீற்றுப் பையை மடியிற் செருகிச் சென்ற ஏழைத் தொழிலாளரும் தாம் சென்ற ஊர்களிற் கோயில் எடுத்தோரே. அவை நிற்பதற்குக் காரணம் கல்லின் உறுதியன்று. நாள்தோறும் வந்து விளக்கேற்றும் மக்களின் உறுதியாகும்.

மெய்யன்பர்களே, சுவான்சௌவில் அரசாணை இருந்தும் கோயில் நிலைக்கவில்லை. தெனாவரையில் பேரரசின் பொன் இருந்தும் கோயில் எஞ்சவில்லை. தகுவாபாவிலோ ஓர் எளிய வணிகன் தோண்டிய குளத்தின் பெயர், ஆயிரத்து நூறு ஆண்டுகளைக் கடந்து நம் செவியில் ஒலிக்கின்றது. குடமுழுக்கு நிறைவெய்தியதும் சாரம் பிரிப்பர், பந்தல் பிரிப்பர், வந்த அன்பர் கூட்டம் ஊர் திரும்பும். அதன் பின்னரே திருப்பணியின் அரிய பகுதி தொடங்குகின்றது. நாளைய விளக்கிற்கு எண்ணெய் யார் வார்ப்பது? மதிலில் முளைக்கும் ஆலங்கன்றை யார் களைவது? திருக்குளத்தின் வரத்துக்கால் தூர்ந்தால் யார் தூர் எடுப்பது? நாங்கூர் உடையான் இவ்வினாவை எண்ணித் தன் குளத்தை ஒரு குழுவினரிடம் அடைக்கலமாக ஒப்புவித்தான். இத்திருக்கோயிலும் அவ்வாறே நம் யாவரிடமும், நமக்குப்பின் நம் மக்களிடமும் அடைக்கலமாக வைக்கப்பெறுகின்றது.

கும்பநீர் விமானத்தின் மீது சொரியும் அவ்வேளையில், அந்நீரின் மணத்தோடு கலந்து, பெயர் அறியாத எத்தனையோ கடலோடிகளின் உழைப்பும் இறைவன் திருமுடியை அடைகின்றது. அவர்களையும் நினைந்து கைகூப்புவோமாக. அவர்கள் கரை சேர்ந்தவாறே நாமும் பிறவிக் கடலின் கரை சேர, எல்லாம் வல்ல பரம்பொருள் திருவருள் பாலிப்பதாக!