எந்தப் பழைய உடம்பு?

ஜிம்மில் சேரும் பெண்ணிடம் முதலில் கேட்கப்படுவது, "எத்தனை கிலோ குறைக்கணும் மேடம்?" என்பதுதான். முழங்கால் வலி, தூக்கம், மூச்சிரைப்பு பற்றியெல்லாம் அப்புறம்தான், கேட்டால் உண்டு. கூடவே ஒரு வாக்குறுதியும் வரும்: "மூணே மாசத்துல பழைய ஷேப்புக்கு வந்துடலாம்." எந்தப் பழைய ஷேப்? கல்யாண ஆல்பத்தில் இருப்பதா, முதல் பிரசவத்துக்கு முன்னால் இருந்ததா? நாற்பத்தாறு வயதில் நான் தேடிப் போனது அந்த உடம்பை அல்ல. கூட்டமான பேருந்தில் நின்றுகொண்டு போனாலும், வீடு வந்து சேரும்போது இடுப்பு ஒடிந்துபோகாத உடம்பைத்தான்.

சென்னைப் புறநகரில் இருக்கும் எங்கள் பகுதி ஜிம்மில் யோகா, ஏரோபிக்ஸ், ஜும்பா, எடைப்பயிற்சி என்று ஓராண்டில் ஒவ்வொரு வகுப்பாகப் போய்ப் பார்த்தேன். இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்று படிக்கவும் ஆரம்பித்தேன். உடற்பயிற்சி வகுப்பு என்ற வடிவத்தை வளர்த்தெடுத்தவர்களில் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். இளைக்கவைப்பது மட்டுமே அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை.

அவர்கள் எதை எதிர்த்து வந்தார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1873இல் எட்வர்ட் கிளார்க் என்ற பாஸ்டன் மருத்துவர், ஆண்களைப் போலக் கடுமையாகப் படித்தால் பெண்களின் இனப்பெருக்க உறுப்புகள் பாதிக்கப்படும் என்று ஒரு புத்தகமே எழுதினார். படிப்பதற்கே இந்த மிரட்டல் என்றால் ஓடுவதற்குக் கேட்க வேண்டுமா? 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். முடிவில் களைத்துப்போனதைக் காரணம் காட்டி அந்தப் போட்டியையே நீக்கினார்கள். பெண்களின் 800 மீட்டர் ஓட்டம் ஒலிம்பிக்குக்குத் திரும்பியது 1960இல்தான். களைப்பு ஆணுக்கு வீரம், பெண்ணுக்குத் தகுதியின்மை!

இந்தச் சூழலில்தான் 1930இல் மேரி பேகட் ஸ்டாக் லண்டனில் 'பெண்கள் ஆரோக்கிய, அழகுக் கழகம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதல் உலகப் போரில் கணவரை இழந்து, சின்ன மகளோடு தனித்து நின்றவர் அவர். முன்னதாக இந்தியாவில் வாழ்ந்தபோது சில ஆசனங்களைக் கற்றிருந்தார். அவற்றையும் சேர்த்துத் தன் பயிற்சி முறையை அமைத்தார். கட்டணத்தைக் குறைவாக வைத்ததால் அலுவலகத்திலும் கடையிலும் வேலை பார்த்த பெண்களும் வந்தார்கள். 1930களின் முடிவுக்குள் உறுப்பினர்கள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். கையும் காலும் வெளியே தெரியும் உடையில் அவர்கள் ஹைட் பூங்காவில் கூட்டமாகப் பயிற்சி செய்துகாட்டினார்கள். ஆனால் கழகத்தின் பெயரிலேயே 'அழகு' ஒட்டிக்கொண்டிருந்தது. ஆரோக்கியமான தாய்மார்களால் இனம் செழிக்கும் என்ற பேச்சும் இருந்தது. பெண் வலுவாக இருக்கலாம், ஆனால் அதன் பலன் வேறு யாருக்காவது போய்ச் சேர வேண்டும்!

ஏரோபிக்ஸ் என்ற சொல்லைப் பிரபலமாக்கியவர் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர். அவருடைய புத்தகம் வந்தது 1968இல். அடுத்த ஆண்டே ஜாக்கி சோரன்சன் என்ற நடனக்காரர் அந்தப் பயிற்சியை நடனத்தோடு சேர்த்தார். அதே 1969இல் சிகாகோ அருகே ஜூடி ஷெப்பர்ட் மிசெட் ஜாஸ் நடனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வகுப்புக்கு வந்த அம்மாக்கள் பாதியிலேயே நின்றுபோனார்கள். மேடையேறும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. ஆடிக் களைக்க ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான். மிசெட் அவர்களைக் கண்ணாடிக்கு முதுகுகாட்டி நிற்கவைத்து, தன்னைப் பார்த்து ஆடச் சொன்னார். 'ஜாஸர்சைஸ்' பிறந்த கதை இது. இன்று நான்கு சுவரிலும் கண்ணாடி பதித்த ஜிம்மில் கை கால் வீசும்போதெல்லாம் எனக்கு மிசெட்டின் நினைவு வருகிறது.

1979இல் நடிகை ஜேன் ஃபோண்டா பெவர்லி ஹில்ஸில் பயிற்சிக்கூடம் திறந்தார். 1982இல் அவருடைய பயிற்சி வீடியோ வெளிவந்தது. வீட்டைவிட்டு வெளியே போக முடியாத பெண்கள், கூடத்து டிவி முன்னால் நின்று வியர்வை சிந்தினார்கள். அந்தத் தொழிலின் வருமானம் அவரும் அவர் கணவரும் நடத்திய அரசியல் இயக்கத்துக்குப் போனது. இன்னொரு பக்கம், இறுக்கமான உடையில் தெரிந்த அவருடைய ஒல்லி உடம்பு கோடிக்கணக்கான பெண்களுக்கு அளவுகோலாகிவிட்டது. அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வலிய வாந்தியெடுக்கும் புலிமியா நோயால் தான் பல்லாண்டு அவதிப்பட்டதைப் பிற்பாடு அவரே எழுதினார். அளவுகோலாக நின்ற உடம்புக்கே நிம்மதி இருக்கவில்லை.

கொலம்பியாவின் காலி நகரத்தில் பெட்டோ பெரெஸ் என்ற பயிற்சியாளர் தொடங்கிய ஜும்பா, எங்கள் ஊருக்கு வந்து குத்துப் பாட்டோடு கலந்துவிட்டது. வயதுக்கு வந்த நாளிலிருந்து "பொம்பளப் புள்ளைக்கு என்ன ஆட்டம்?" என்று அடக்கப்பட்டவர்கள் அங்கே கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகிறோம். எடை குறைந்ததோ இல்லையோ, அந்த ஒரு மணிநேரத்துக்காகவே பணம் கட்டலாம்.

கடைசியாக எடைப்பயிற்சி. "லேடீஸுக்கு வெயிட் வேணாம் மேடம், ஆம்பள மாதிரி ஆயிடுவீங்க" என்றார் பயிற்சியாளர். ஒலிம்பிக் நிர்வாகிகளுக்கும் நீண்ட காலம் அந்தத் தயக்கம் இருந்திருக்கும்போல. ஆண்களின் பளுதூக்குதல் 1896இலேயே வந்துவிட்டது. பெண்களுக்கு 2000 வரை இடமில்லை. இடம் கிடைத்த அந்த ஆண்டே, சிட்னியில் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். மாதவிடாய் நிற்கும் காலத்தில் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. எடை தூக்குவது எலும்பையும் தசையையும் காக்க உதவுகிறது. இதைப் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டு வெறும் கம்பியில் ஆரம்பித்தேன். இப்போது 40 கிலோவைத் தரையிலிருந்து எடுக்கிறேன். ஆம்பளையாக மாறியதற்கான அறிகுறி எதுவும் இதுவரை தென்படவில்லை.

"எங்க காலத்துல அம்மியும் ஆட்டுக்கல்லும்தான் ஜிம்மு" என்பார் மாமியார். அவருடைய தோள்வலியும் அங்கிருந்து வந்ததுதான். மற்றவர்களின் பசிக்காக, ஓய்வும் மாற்றும் இல்லாமல் செய்வது உழைப்பு. தனக்காக, தான் தேர்ந்தெடுத்த அளவில், நடுநடுவே ஓய்வெடுத்துச் செய்வது பயிற்சி. முன்னதைப் புகழ்ந்தே பின்னதை மறுப்பது பழைய தந்திரம்.

அந்த 'தனக்காக' என்கிற ஒரு மணிநேரம் யாருக்குக் கிடைக்கிறது? எங்கள் ஜிம்மில் 'லேடீஸ் பேட்ச்' காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. பிள்ளைகளை அனுப்பிய பிறகு, மதியச் சமையலுக்கு முன்பு. எல்லாப் பெண்களும் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்ற கணக்கு அது. நான் போக முடிவதற்குக் காரணம், எனக்கு மாலை ஷிஃப்ட் வேலை. ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்பவருக்கும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கும் அந்த நேரமும் இல்லை, மாதக் கட்டணத்துக்கு வழியும் இல்லை. குறைந்த கட்டணத்தில் வேலைக்குப் போகும் பெண்களைச் சேர்க்க முடியும் என்று 1930லேயே ஒருவர் காட்டிவிட்டார். நம் மாநகராட்சிப் பூங்காக்களில் உடற்பயிற்சிக் கருவிகள் இருக்கின்றன. இரவு எட்டு மணிக்கு அங்கே நல்ல வெளிச்சமும், ஒரு பெண் பயிற்சியாளரும், பூட்டாத கழிப்பறையும் வேண்டும் என்று நாம் கேட்கலாம். நம் வார்டு கவுன்சிலரிடமிருந்தே தொடங்கலாம்.