கல்மூங்கில் கம்பாகும் கதை

திருப்பத்தூரிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் புதூர்நாடு. சாமை விளையும் இந்த ஜவ்வாது மலைச் சரிவுகளின் காடுகளில் கல்மூங்கில் வளர்கிறது. உட்கூடு குறுகி, சதை கெட்டியாக இருப்பதால் சிலம்பக் கம்புக்குப் பேர் போன இனம் இது.

மூங்கில் புல் வகை. மழைக்காலத்தில் குருத்து மண்ணை விட்டு வரும்போதே அதன் பருமன் முடிவாகிவிடும். சில மாதங்களில் முழு உயரத்தை எட்டினாலும், நார் இறுகி முற்ற ஏறக்குறைய 3 ஆண்டுகள் வேண்டும். இளசை வெட்டினால் காய்ந்ததும் சுருங்கி வெடிக்கும். மாவுச்சத்து மிகுந்த கழி வண்டு துளைத்து உளுத்துப்போகும். அதனால்தான் வெட்டிய கழியை நீரில் ஊறப்போடுகிறார்கள்; மாவுச்சத்து கரைந்து வெளியேறும். பிறகு நிழலில் உலர்த்தி, கோணல் உள்ள இடத்தை அனலில் காட்டி, சூடு ஆறுவதற்குள் வளைத்து நிமிர்த்துவார்கள். கணுக்களைச் சீவி எண்ணெய் தடவி, பிடிப்பவரின் நெற்றி உயரத்துக்கு அறுத்தால் கம்பு தயார்.

அடுத்து அது ஆசானின் களத்துக்கு வருகிறது. நடுவில் பிடித்துச் சுழற்றுவதைவிட, நுனியில் பிடித்துச் சுழற்றும்போது கம்பு 4 மடங்கு அதிகமாக முரண்டுபிடிக்கும் என்கிறது இயற்பியல். அந்த முரண்டை மணிக்கட்டால் மட்டும் அடக்கப் பார்க்கும் மாணவனுக்குச் சீக்கிரமே கை ஓய்ந்துவிடும். அதனால்தான் நல்ல ஆசான் முதலில் காலடியைக் கற்றுத்தருகிறார். பாதம் தரையை ஊன்ற, இடுப்பு திரும்ப, தோள் தொடர, கடைசியாகத்தான் கை வர வேண்டும். இந்த வரிசை பிசகினால் வீச்சில் ஓசைதான் இருக்கும், வலு இருக்காது.

ஜப்பானின் ஒக்கினாவா தீவிலும் இதே பாடம்தான். அங்கே கம்புக்குப் பெயர் ‘போ’. பெரும்பாலும் ஓக் மரத்தில் செய்வது. வழக்கமான நீளம் சுமார் 182 சென்டிமீட்டர். ஆசான் தைரா ஷின்கென் (1897–1970) அத்தீவின் ஆயுதப் பயிற்சி வரிசைகளைத் திரட்டி அழியாமல் காத்தார். இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளை அங்கே ‘கமாகு’ என்பார்கள்; அடியின் வலு அங்கிருந்து எழ வேண்டும் என்பது அவர்கள் பயிற்சியின் அடிப்படை. இந்த ஒற்றுமைக்கு யார் யாரிடம் கற்றார்கள் என்று வழக்காடத் தேவையில்லை. மனித உடலுக்கு எலும்பும் மூட்டும் எங்கும் ஒன்றுதான். நீண்ட கழியைக் கையில் எடுத்தவர்கள் எல்லாரையும் உடல் ஒரே வழிக்கு இட்டுச்சென்றிருக்கிறது.

தமிழ்த் தொழிலாளர்களோடு சிலம்பம் மலாயாத் தோட்டங்களுக்கும் போய் அங்கே வேரூன்றியது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. களம் பெருகப் பெருக, மெல்லிய, கனமற்ற குச்சிகளும் பெருகுகின்றன. மணிக்கட்டாலேயே சுற்றிவிடக்கூடிய குச்சியிடம் இடுப்பு எதையும் கற்றுக்கொள்ளாது.

கனமான கம்புக்கு வழி காட்டிலேயே இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன மகசூலாக ஏற்று, அதைச் சேகரிக்கும், விற்கும் உரிமையைக் காடுவாழ் மக்களுக்குத் தந்திருக்கிறது. சிலம்பப் பள்ளிகளும் அரசும் மலைமக்களிடமிருந்தே முற்றிய கழிகளை நியாயமான விலைக்கு வாங்க வேண்டும். பிள்ளையைச் சிலம்பத்தில் சேர்க்கும் பெற்றோரும் வயதுக்கேற்ற கனமுள்ள மூங்கில் கம்பையே கேட்டு வாங்க வேண்டும்.