வீட்டு வரி ரசீதில் ஒரு நூலகர்



வீட்டு வரி ரசீதைக் கட்டியதும் மடித்து வைத்துவிடுகிறோம். ஒருமுறை விரித்துப் பாருங்கள். வரியோடு சேர்த்து 'நூலக வரி' என்று பத்து சதவீதம் இருக்கும். கோம்பையில் நாம் கட்டும் இந்தத் தொகையின் கதை, சென்னையில் ஒரு கல்வி வளாகத்து நூலகத்தில் தொடங்குகிறது.

சென்னைப் பல்கலைக்கழக நூலகம் 1907-இல் ஏற்பட்டது. சொந்த இடம் இல்லாமல் முதலில் கன்னிமரா நூலகக் கட்டடத்தில்தான் இயங்கியது. 1924-இல் அதன் நூலகராக வந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அதுவரை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். வகுப்பறை கலகலப்புக்குப் பழகியவருக்கு நூலகத்தின் தனிமை பிடிக்கவில்லை. சில நாளிலேயே பழைய வேலையைத் திருப்பிக் கேட்டார். "லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம்" என்ற மட்டில் சமாதானம் ஆயிற்று.

லண்டனில் பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே ஒரு கடையில், துண்டு துண்டாக இருப்பதைப் பொருத்தி விதவிதமான உருவங்கள் செய்யும் மெக்கானோ பொம்மையையும் கண்டார். புத்தகத்தின் பொருளையும் இப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்து, எண்ணும் எழுத்துமாகச் சேர்த்துக் குறிக்கலாமே என்று தோன்றியது. அதுவே 1933-இல் வெளியான கோலன் பகுப்பு முறை.

ஊர் திரும்பியதும் அலமாரிகளைத் திறந்து வைத்தார். வாசகரே உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாம் என்றார். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, படிக்கத்தான் என்பது 1931-இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது. 1936-இல் கடற்கரையை ஒட்டிய வளாகத்தில் நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடைத்தது.

வளாகத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் இந்த வசதி போதுமா என்று அவர் விடவில்லை. 1928-இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கத்தின் வழியே பொதுமக்களுக்கும் நூலகம் வேண்டும் என்று வலியுறுத்தி வந்தார். 1948-இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இதுவே முதல் நூலகச் சட்டம். நூலக வரி அதில் வந்ததுதான்.

பக்கத்து உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் கல்லூரி தொடங்கிய 1956-இல், ரங்கநாதன் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு, நூலக அறிவியல் பேராசிரியர் பதவி ஒன்று ஏற்படுத்தக் கொடுத்தார். வங்கியில் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அன்றைக்கு அது பெரிய பணம்.

இவ்வளவும் நடந்து, நாமும் வருஷா வருஷம் வரி கட்டுகிறோம். ஆனால் நம்மில் எத்தனை பேரிடம் நூலக உறுப்பினர் அட்டை இருக்கிறது? விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வரும்போது கிளை நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். வேண்டிய புத்தகம் இல்லையென்றால் நூலகரிடம் கேளுங்கள். பணம் ஏற்கெனவே கட்டியாயிற்று, படிப்பதுதான் பாக்கி.