காட்டைக் காத்தவரும் காட்டுக்கு உரியவரும்

சான்பிரான்சிஸ்கோ நகரை விட்டு வடக்கே செல்லும் 101ஆம் எண் நெடுஞ்சாலை, சில இடங்களில் மலைகளுக்கிடையேயும் சில இடங்களில் பசிபிக் கடலை ஒட்டியும் ஆரிகன் எல்லையை நோக்கி நீள்கிறது. கோடைதோறும் எண்ணற்ற குடும்பங்கள் இவ்வழியே வீட்டு வண்டிகளில் பயணம் செய்கின்றன. படுக்கையும் அடுப்பும் குளியலறையும் சக்கரங்களின் மீதே அமைந்த வண்டிகள் அவை. அக்குடும்பங்கள் காண விழைவது ரெட்வுட் என்னும் நெடுமரங்களையே. பெயரின் பொருள் செம்மரம் என்றாலும், நம் நாட்டுச் செஞ்சந்தனத்துக்கும் இதற்கும் உறவில்லை.

உலகில் இம்மரத்தினும் உயரமானது வேறில்லை. 300 அடியைக் கடந்தவை பல; 2006இல் அளக்கப்பட்ட ஒன்று ஏறத்தாழ 380 அடி. இரண்டாயிரம் ஆண்டு கடந்து வாழ்ந்தவையும் உண்டு. மழையற்ற கோடையில் கடலிலிருந்து எழும் மூடுபனியே இவற்றின் தாகம் தீர்க்கிறது. தடித்த பட்டை நெருப்பைத் தாங்கும். வெட்டினாலும் அடிமரத்திலிருந்து தளிர் கிளம்பும். லெகெட் என்னும் ஊரில் ஒரு மரத்தின் அடியைக் குடைந்து 1930களில் வழி அமைத்தார்கள். சிறிய கார் அதனுள் நுழைந்து வெளிவரும். வீட்டு வண்டிக்கு அங்கே இடமில்லை.

இம்மரங்களின் வியப்பை மட்டும் பேசித் திரும்பிவிட்டால் வரலாற்றில் பாதியைத்தான் அறிந்தவராவோம். இக்காட்டுக்கு உரியவர் இருந்தனர். கிளாமத் ஆற்றங்கரையிலும் அதனை அடுத்த கடலோரத்திலும் யூரோக் மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்து வந்தனர். ரெட்வுட்டைப் பலகையாகப் பிளந்து வீடு கட்டினர். அடிமரத்தைக் குடைந்து ஓடம் செய்தனர். 1848இல் கலிபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டது. அதன் பின் வந்து குவிந்தவர்கள் கொலையாலும் நோயாலும் அம்மக்களைக் குலைத்தனர். அவர்தம் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு கைமாறிப் போயிற்று. பொன்னைத் தேடியவர்களுக்குப் பின் மரம் அறுப்பவர்கள் வந்தனர். ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கர் பரப்பில் நின்ற முதுகாட்டில் இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு 5 பங்கே.

1917இல் மூன்று அறிஞர்கள், அப்போது புதிதாக அமைந்து வந்த இச்சாலையில் காரில் வந்தனர். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத் தலைவர் ஆஸ்பர்ன், புதைபடிவ ஆய்வாளர் மெரியம், மாடிசன் கிராண்ட் ஆகியோர் அவர்கள். மரங்கள் வீழ்த்தப்படுவதைக் கண்டு பதைத்து, 1918இல் ரெட்வுட் பாதுகாப்புக் கழகத்தை நிறுவினர். அக்கழகம் நன்கொடை திரட்டித் தோப்புகளை வாங்கி அரசின் பாதுகாப்பில் சேர்த்தது. இன்று நாம் காணும் மரங்கள் பல அம்முயற்சியால் தப்பியவை.

அதே கிராண்ட்தான் 1916இல், வட ஐரோப்பிய வெள்ளையரே உயர்ந்த இனம் என்று வாதிடும் நூலை வெளியிட்டவர். ஆசியர்களுக்கு அமெரிக்காவின் வாயிலை அடைத்த 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்கு அவர் கருத்துகள் துணை நின்றன. மரத்தின் முதுமையைக் கண்டு உருகிய நெஞ்சு மனிதனின் மாண்பைக் காண மறுத்தது. காட்டைக் காக்கும் திட்டத்தில் யூரோக் மக்களின் உரிமைக்கு இடம் இல்லாமற் போனதில் வியப்பென்ன?

1968இல் 58,000 ஏக்கரில் ரெட்வுட் தேசியப் பூங்கா அமைந்தது. எனினும் எல்லைக்கு வெளியே மேட்டுச் சரிவுகளில் மரம் வெட்டுவது தொடர்ந்தது. அங்கிருந்து கரைந்த மண் ஓடையில் இறங்கி, எல்லைக்கு உள்ளே நின்ற மரங்களையும் அச்சுறுத்தியது. பூங்காவை விரிவாக்கும் பேச்சு எழுந்தபோது மரத்தொழிலாளர் கலங்கினர். 1977இல் அவர்கள் லாரிகளில் அணிவகுத்து, ரெட்வுட்டில் செதுக்கிய மாபெரும் வேர்க்கடலை ஒன்றை வாஷிங்டனுக்குக் கொண்டு சென்றனர். அதிபர் கார்ட்டர் வேர்க்கடலை பயிரிட்டவர். உமக்கு அற்பமாய்த் தோன்றுவது எமக்குப் பிழைப்பு என்பது அதன் பொருள். வெள்ளை மாளிகை அதனை ஏற்கவில்லை. 1978இல் 48,000 ஏக்கர் சேர்க்கப்பட்டது. அதில் பெரும்பகுதி ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்த நிலம். வேலை இழந்தோருக்கு உதவித்தொகையும் அச்சட்டத்திலேயே இடம்பெற்றது. ஆயினும் ஆரிக் போன்ற சிற்றூர்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அந்த ஆரிக்கின் அருகே, மர ஆலையாய் இருந்த 125 ஏக்கர் நிலம் ஒன்று உண்டு. யூரோக் மக்களின் பழைய ஊர் இருந்த இடம் அது. பாதுகாப்புக் கழகம் அதனை 2013இல் வாங்கியது. 2024 மார்ச்சில் யூரோக் மக்களும் கழகமும் மத்திய, மாநிலப் பூங்காத் துறைகளும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். நிலத்தை 2026இல் உரியவர்களிடம் ஒப்படைப்பது, பின்னர் அனைவரும் சேர்ந்து பேணுவது என்பது அவ்வுடன்பாடு. கிராண்ட் நிறுவிய கழகமே நிலத்தைத் திருப்பித் தர முன்வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நம் இல்லங்களில் அமானிதம் என்றொரு சொல் வழங்குகிறது. பிறர் பொருளைப் பழுதின்றிக் காப்பது அதில் ஒரு பாதி. உரியவர் கையில் ஒப்படைப்பது மறுபாதி. ரெட்வுட் காட்டில் முதற்பாதி 1918இல் தொடங்கியது. மறுபாதி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அந்நெடுமரங்களை அண்ணாந்து பார்க்கும் பயணிகள், அவை நிற்கும் மண் யாருடையது என்றும் ஒருமுறை கேட்டறிவார்களாக.