அலையாத்தி மரங்களின் தகவமைப்பு

அலையாத்தி மரங்கள் வெப்பமண்டலக் கடற்கரைகளிலும் ஆற்று முகத்துவாரங்களிலும், ஓதம் ஏறி வற்றும் சேற்றுநிலத்தில் வளர்பவை. தமிழ்நாட்டில் பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் இவற்றுக்குப் பெயர்பெற்ற இடங்கள். உப்பு, காற்றில்லாத சேறு, கால் ஊன்ற இடம் தராத மண் என மூன்றையும் இம்மரங்கள் ஒருசேரத் தாங்குகின்றன.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. சுரபுன்னை (ரைசோஃபோரா) அதில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. வெண்கண்டல் (அவிசென்னியா மரைனா) ஓரளவு உப்பை உள்ளே விட்டு, இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. மழையில்லாத நாளில் அதன் இலையைத் தடவினால் வெள்ளைப் பொடி விரலில் ஒட்டும். நாக்கில் வைத்தால் கரிக்கும். உப்பைத் தடுத்து நீரை மட்டும் உறிஞ்சுவது எளிய வேலையன்று. வளிமண்டல அழுத்தத்தைப் போல் 25 மடங்குக்கும் மேலான இழுவிசையை மரம் தன் நீர்க்குழாய்களில் இடைவிடாமல் தாங்க வேண்டும்.

இவற்றின் தகவமைப்புகளில் மிக நுட்பமானது மூச்சுவேர். வெண்கண்டலின் வேர்கள் சேற்றுக்குள் கிடையாக ஓடி, அவற்றிலிருந்து விரல்தடிமன் முளைகள் நூற்றுக்கணக்கில் செங்குத்தாக வெளியே நீட்டி நிற்கும். அவற்றின் பட்டையில் நுண்துளைகள் உள்ளன. காற்று புகும், நீர் புகாது. ஓதம் ஏறி முளைகள் மூழ்கியதும் காற்றுவரத்து நின்றுவிடுகிறது. வேர் உள்ளிருக்கும் ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. அதனால் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு நீரில் எளிதாகக் கரைந்து போய்விடுகிறது. ஆகவே வேருக்குள் அழுத்தம் குறைகிறது. நீர் வடிந்து துளைகள் திறந்த கணமே வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. கடலே துருத்தி மிதித்து வேருக்குக் காற்று ஊட்டுகிறது எனலாம். உடலியலாளர் பெர் ஷோலாண்டர் 1955இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது.

சுரபுன்னையின் முட்டுவேர்கள் தண்டிலிருந்து வளைந்திறங்கிச் சேற்றில் ஊன்றுகின்றன. அதன் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, நீண்ட பச்சைக் குச்சியாகத் தொங்கி, பிறகு விழுகிறது. சேற்றில் குத்தி நிற்பதும் உண்டு, மிதந்து வேறு கரை சேர்வதும் உண்டு. சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தந்த தில்லை மரமும் இக்காட்டினதே; நிலத்தை ஒட்டிய ஓரத்தில் வளரும்.

இத்தனை இருந்தும் இம்மரங்களை உப்பு கொல்லக்கூடும். பிச்சாவரத்தில் முன்பு பகுதி பகுதியாக மரங்களை முழுவதும் வெட்டினார்கள். நிழலிழந்த தரை வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. ஏற்றத்தில் புகுந்த நீர் வடிய வழியின்றித் தேங்கி ஆவியாக, மண்ணில் உப்பு அளவுகடந்து சேர்ந்தது. மரங்கள் மீண்டும் தழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் வந்து திரும்ப வழிசெய்தன. உப்பு குறைந்த அந்தத் திட்டுகளில் கன்றுகள் நடப்பட்டுக் காடு மீண்டது.