கொம்பில்லாத ஆடு வந்த கதை

போன தை மாசம் எங்க குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா உள்கடன் கேட்டார். "தெக்க இருந்து கொம்புக் கிடாய் ஒண்ணு வாங்கியாந்து பட்டியில விடலாம்னு இருக்கேனுங்க. பார்க்கவே எத்தனை சோரா இருக்குது!" என்றார். எல்லாரும் சரி என்றார்கள். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. எங்கம்மாவும் ஒரு காலத்தில் இதே ஆசைப்பட்டதுதான்.

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் பக்கம் நாம் வளர்ப்பது மேச்சேரி ஆடு. சேலம் மாவட்டத்து மேச்சேரியின் பேர் அது. மயிலம்பாடி ஆடு என்றும் சொல்வோம். பழுப்பு உடம்பு, குட்டை வால், கிடாய், பெட்டை ரெண்டுக்கும் கொம்பு கிடையாது. கம்பளியும் கிடையாது, வெறும் முடிதான். (கம்பளி வேண்டுமென்றால் குறும்பை ஆட்டிடம்தான் போகணும். பனியன் ஊரைச் சுற்றி கம்பளியில்லாத ஆடு என்றால் வெளியூர்க்காரர் சிரிக்கிறார்கள்.)

தெக்கத்தி ஆடுகள் வேறு. ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர் ஆடுகளுக்கும் முடிதான். ஆனால் கிடாய்க்குக் கொம்பு உண்டு.

மனுசர் மேற்கு ஆசியாவில் செம்மறியைப் பழக்கி சுமார் 10,000 வருசம் இருக்கும். அந்தக் காட்டு ஆட்டுக்குப் பெரிய கொம்பு, உடம்பில் முடி. அடர்ந்த கம்பளியும் மொட்டைத் தலையும் பிற்பாடு நாம் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில் வந்தவை. இதைத் திருப்பிச் செய்தவர்களும் உண்டு. பார்படாஸ் தீவில் இருந்து 1904-ல் அமெரிக்காவுக்குப் போன முடி ஆட்டுக்குக் கொம்பு இல்லை. டெக்சாஸ் பண்ணைக்காரர்கள் அதோடு முஃப்லான் என்ற காட்டு ஆட்டையும் கொம்புள்ள கம்பளி ஆட்டையும் கலந்து, சுருண்ட பெரிய கொம்புக்காகவே அழகு ஆடுகளை உண்டாக்கினார்கள். வேட்டைக்கு வருகிறவர்கள் அந்தத் தலையைச் சுவரில் மாட்டக் காசு கொடுத்தார்கள். நம்ம தெக்கே கிடாய் முட்டு விடுகிறவர்களும் கொம்பைப் பார்த்துத்தான் கிடாய் எடுப்பார்கள்.

நமக்குக் காசு கறியிலும் தோலிலும். மேச்சேரி ஆட்டுத் தோலுக்குப் பதனிடுகிறவர்களிடம் தனி மதிப்பு. அப்புறம் நம்ம கொறங்காடு: கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. ஆட்டை உள்ளே விட்டுக் கடவை அடைத்தால் போதும், பின்னாடியே கோல் பிடித்து நடக்க வேண்டியதில்லை. வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு பொம்பளைங்க பட்டி நடத்த முடிந்தது இதனால்தான். அடைத்த காட்டுக்குள் மந்தையாக மேயும் ஆட்டுக்குக் கொம்பு எதற்கு? ஒன்றையொன்று குத்தித் தோலைக் கெடுக்கும், கிளுவையில் மாட்டும். சாதுவான மொட்டைக் கிடாயை நிறுத்திக்கொண்டு மற்றதை விற்ற நம்ம முன்னோர்தான் இந்த ஆட்டை இப்படி ஆக்கினார்கள் என்பது என் கணக்கு.

எங்கம்மா வாங்கிய கொம்புக் கிடாய் பட்டிக்கே ராசா மாதிரி நின்றது. அதன் கிடாய்க் குட்டிகளுக்கும் கொம்பு முளைத்தது. ஒன்று வேலியில் தலையை விட்டு ராத்திரியெல்லாம் கத்திக் கிடந்தது. சந்தையில் வியாபாரி விலாவைத் தடவிப் பார்த்து, "தோல் கீறலுங்க, மயிலம்பாடியும் இல்லீங்க" என்று விலையைக் குறைத்தார். அந்தக் கலப்பை முழுசாகக் கழித்துக்கட்ட அம்மாவுக்கு நாலு வருசம் ஆச்சு.

இதைத்தான் கூட்டத்தில் சொன்னேன். சேலம் பொட்டனேரியில் 1978-லிருந்து மேச்சேரி ஆட்டுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருப்பதையும், அரசாங்கமே இந்த இனத்தைக் கலக்காமல் காப்பாற்றப் பார்ப்பதையும் சொன்னேன். அந்த அக்காவுக்கு முகம் சுருங்கிப் போச்சு. "அப்ப கடன் இல்லீங்களா?" என்றார்.

கடன் கொடுத்தோம். மூலனூர்ப் பக்கம் கன்னிவாடி சந்தையில் மாமியாரையும் கூட்டிப்போய் மொட்டைக் கிடாய் ஒன்று பிடித்து வந்தார். ஆவணியில் குட்டிகள் விழுந்தன. கொறங்காடு மட்டும் இன்னும் குத்தகைக்குத் தேடிக்கொண்டிருக்கிறார். பக்கத்துக் காடு சைட் போட்டாச்சு.